எட்டாவது கட்டம்

எலிசபெத் தன் திரையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்பாள். ஒருமுறை தட்டினால் போதும், சென்னையிலுள்ள எட்டு சர்வர்களும் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகின்றன என்று சொல்லிவிடும். அவள் கைக்கு வந்தபின் ஒன்றுகூட நின்றதில்லை.

போன வாரம், பழசாகிப்போன எட்டாவதைக் கழற்றி, பெங்களூரு பொம்மசந்திராவில் அவள் இருக்கும் ஆபீசுக்குப் பார்சலில் அனுப்பிவிட்டார்கள். அவள் டிஸ்க்கை எடுத்துவிட்டு, பெட்டியை மேஜைக்கடியில் வைத்தாள்.

இன்று காலை பழக்கதோஷத்தில் எட்டுக் கட்டங்களையும் திறந்துவிட்டாள். எட்டுமே பதில் சொல்லின. கடைசிக் கட்டத்தில் அறுநூற்றுப் பதினொரு நாள், பார்சலில் வந்த நாட்களும் சேர்த்து.

"ஏழும் ஓகேவா மேடம்?" என்றான் பக்கத்து சீட்டு கிஷோர்.

"எட்டும்பா. என் கையில வளந்ததுங்க நிக்குமா?" என்றாள் பெருமையாக.

கீழே, வயர் எதுவும் இல்லாத அந்தப் பெட்டி காலில் பட்டது. கதகதப்பாக இருந்தது.