சாம்பிள் படம்

எதையும் பாதி விலைக்குக் கேட்டே பழகிய துணிக்கடைக்காரர், டிஜிட்டல் போட்டோ ஃபிரேமையும் விடவில்லை. மல்லுக்கட்டி விற்பனையாளரை வழிக்குக் கொண்டுவந்தார்.

"சரி சார், உங்க விலைக்கே எடுத்துக்கங்க. புதுசு பிரிச்சுத் தரேன்."

"வேண்டாம், ஷோகேஸ்ல ஓடுதே, அதையே கொடு."

"அப்போ அதுல இருக்கிற சாம்பிள் படத்தை அழிச்சுட்டு..."

"அழிக்காதே! நீ சொன்ன விலையை முழுசா வாங்கிக்கோ."

"யாரோ மாடல் பொண்ணு சார். அதுக்குப் போயா?"

திரையில் சிரித்தவளை அவர் கண்கொட்டாமல் பார்த்தார்.

"என் பொண்ணு தம்பி. மாடலிங் போனா வீட்டுப் படியேறாதேன்னேன். ரோஷத்துல என்னை உரிச்சு வெச்சவ, ஏறவே இல்ல."

விற்பனையாளர் அட்டைப்பெட்டியை எடுத்தார்.

"பெட்டியில போடாதேப்பா. கையிலேயே கொடு, கூட்டிட்டுப் போறேன்."