ரெண்டு நூல்

நாலாவது இரும்புப் பட்டையும் மடங்கியதும் யோகலட்சுமி ஜாக்கியைத் தளர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

லாரியைத் தூக்குகிற ஜாக்கிதான். பழைய இரும்புக் கடையில் சேனல் இரும்பு வாங்கி, அவளே வெட்டிச் சட்டமாகப் பற்றவைத்து, அந்தச் சட்டத்துக்குள் ஜாக்கியை உட்கார வைத்திருந்தாள். மேலே கத்தி, கீழே பள்ளம். நடுவில் மாட்டிய இரும்பு மடங்கித்தான் ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் அழுத்தத்தை விட்டதும் இரும்பு கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. எவ்வளவு நிமிரும் என்று பார்த்து, அவ்வளவு கூடுதலாக அழுத்தப் பழகிக்கொண்டாள்.

பிள்ளையார் சப்பரத்தின் அடிச்சட்டம் நாலு மூலையிலும் பிளந்து கிடந்தது. சதுர்த்திக்கு மூன்றே நாள். பட்டை போடாவிட்டால் இந்த வருஷம் சாமி கோயிலை விட்டு வெளியே வராது. 'மதுரைக்கெல்லாம் அனுப்ப வேணாம், நான் மடக்கித் தாரேன்' என்று கோயில் நிர்வாகி கார்த்திகேய சிவத்திடம் துணிந்து சொன்னவள் அவள்தான்.

அவர் பார்க்க வந்திருந்தார். கூடவே அந்தச் சப்பரத்தைச் செய்த தச்சர் செம்மலை, யோகலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணன்.

செம்மலைக்கு அந்தச் சப்பரத்தில் தனிப் பெருமை. எத்தனை பேர் நேராக இழுத்தாலும் தெருவில் அது இடப்பக்கமே ஒதுங்கும். ஒதுங்கி ஒதுங்கி, அவர் வீட்டு வாசலில் வந்துதான் நிற்கும். 'என்னைய ஒரு எட்டு விசாரிச்சுட்டுத்தான் சாமி போகும்' என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை எடுத்து முதல் பட்டையில் வைத்தார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

“ரெண்டு நூல், கால் இஞ்சு, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது.”

அடுத்ததில் வைத்தார்.

“இது ரெண்டு நூல் மூடிக்கிருச்சு! ஏத்தா யோகம், இரும்ப மடக்குனியா, முறுக்குப் பிழிஞ்சியா?”

கார்த்திகேய சிவம் மதுரைக்குப் பேசப் போனை எடுத்தார்.

“சப்பரத்துல வச்சுப் பாத்துட்டுப் பேசுங்கய்யா” என்றாள் யோகலட்சுமி.

கோயில் கொட்டகையில் சப்பரத்தின் நாலு மூலைக்கும் நாலு பட்டை. ஒவ்வொன்றும் மரத்தைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு தாள் நுழைய இடமில்லை. கார்த்திகேய சிவம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சூடம் எடுத்துவர உள்ளே போனார்.

செம்மலை மட்டும் நகரவில்லை. மூலைமட்டத்தை இப்போது தான் செய்த மரச்சட்டத்தில் வைத்தார்.

ரெண்டு நூல் திறந்திருந்தது.

அடுத்த மூலைக்குப் போனார். ரெண்டு நூல் மூடியிருந்தது.

குனிந்து, அந்தச் சட்டத்தில் கோத்திருந்த சக்கரத்து அச்சைப் பார்த்தார். அதுவும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து தங்கையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அளவெடுத்த அன்னைக்கே.”

“சட்டத்த நேராக்கிட்டுப் பட்டையப் போட்டிருக்கலாமேத்தா.”

யோகலட்சுமி கடைசி போல்ட்டை முறுக்கினாள்.

“போட்டிருக்கலாம்ண்ணே. மதினி கற்பூரத் தட்டோட வாசல்ல நிப்பாக. சாமி பாட்டுக்கு நேராப் போயிருமே?”