நீர் மாத்திரை

பலகையைத் தட்டிவிட்டது செல்வநாயகிதான். அதில் சந்தேகமே இல்லை.

டீ நேரம். பீங்கான் கம்பெனிக் கொட்டகையில் அவளும் பாஞ்சாலையும் மட்டும்தான் இருந்தார்கள். போன் அடிக்கிறதே என்று அவசரமாகத் திரும்பினாள். இடுப்பு பட்டு, மறுநாள் சூளையில் ஏற வேண்டிய ஃபியூஸ் கட்டைகள் பலகையோடு சரிந்து தரையில் தூள் தூளாயின.

போன மாதமும் ஒரு பலகையை உடைத்திருந்தாள். இன்னொரு தடவை நடந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சூப்பர்வைசர் நடராசன் அப்போதே சொல்லிவிட்டார். மகள் இனியா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது. இந்த வேலை போனால் மகளின் படிப்பும் போச்சு.

சத்தம் கேட்டு நடராசன் ஓடிவந்தார். டீ கிளாசும் கையுமாக மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"யாரு வேலை இது?"

செல்வநாயகிக்கு வாய் முந்திக்கொண்டது.

"பாஞ்சாலை அக்காதாங்க. பாவம், அது என்ன பண்ணும்? நீர் மாத்திரை போடுதுல்ல. எழுந்தா தலை சுத்தும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

டாக்டர் சொன்னது என்னவோ நிஜம். பாஞ்சாலையின் கால் வீக்கத்துக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது கூடப் போனவளே செல்வநாயகிதான். அடிக்கடி ஒண்ணுக்கு வரும், நாக்கு வறளும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னதை அன்று அவள்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டது இன்றைக்குக் கைகொடுத்தது.

நடராசன் திரும்பினார். "ஏம்மா, அப்பிடியா?"

பாஞ்சாலை உட்கார்ந்த இடத்திலிருந்து செல்வநாயகியை ஒருதரம் பார்த்தாள்.

"ஆமாங்க. கிறுகிறுன்னு வந்துச்சு."

சூளைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நடராசன் சொல்லிவிட்டார். இதுவாவது பரவாயில்லை, நாள் முழுக்க முள்ளுக்காட்டுக்கு ஓடினவளை இத்தனை நாள் வைத்திருந்ததே பெரிசு என்றாள் ஒருத்தி. பாஞ்சாலை கை கழுவிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

செல்வநாயகிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இருந்தவள் எப்படி ஒப்புக்கொண்டாள்? மாத்திரை மூளையையும் குழப்பிவிட்டது போலிருக்கிறது, தான்தான் தட்டிவிட்டோம் என்றே நம்பிவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனிதர்களுக்கு மனதைத் தேற்றிக்கொள்ளவா தெரியாது?

அந்தக் கம்பெனியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அதற்குள் பழைய அச்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெண்கள் பின்னாலிருக்கும் கருவேல முள்ளுக்காட்டுக்குத்தான் போக வேண்டும். பாம்பு பயம் ஒரு பக்கம், சுற்றித் திரியும் பயல்கள் பயம் ஒரு பக்கம். அதனால் ஒருத்தி போனால் துணைக்கு இன்னொருத்தி போய்க் காவல் நிற்பது வழக்கம். மாத்திரை சாப்பிடும் பாஞ்சாலைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. நாலு வருஷமாகத் துணைக்குப் போனவள் செல்வநாயகி. போய்வரும் நேரமெல்லாம் அவள் வேலையும் கெட்டது.

இரண்டு மாதமாக பாஞ்சாலை அவளைக் கூப்பிடுவதே இல்லை. ஏன் என்று செல்வநாயகியும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கூப்பிடுவாளோ என்ற பயம்தான்.

மறுநாள் சாயங்காலம், பாஞ்சாலை விட்டுவிட்டுப் போன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டை பஸ் ஏறினாள். அந்தச் சாலையில்தான் பாஞ்சாலையின் ஊர். அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் மெட்டி புதைந்துபோகும் அளவுக்கு வீங்கியிருந்தன. பேசும்போதே மூச்சு வாங்கியது.

"வாம்மா. சாப்ட்டியா?"

செல்வநாயகிக்குச் சங்கடமாக இருந்தது. அதை மறைக்க ரொம்ப அக்கறையாகப் பேசினாள். இப்படித் தலை சுற்றினால் அந்த மாத்திரையே வேண்டாம், டாக்டரிடம் சொல்லி வேறு வாங்கலாம், தானே கூட வருவதாகச் சொன்னாள். மாத்திரையின் பேரைப் பார்க்கலாம் என்று ஆணியில் தொங்கிய பையை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே அட்டை அட்டையாக மாத்திரை. ஒன்றுகூடப் பிதுக்கி எடுக்கப்படவில்லை.

"என்னக்கா இது, போடறதே இல்லியா?"

"மாசிலேருந்து போடல. நீ ஒரு நாளு அவளுங்ககிட்ட சொல்லிகிட்டு இருந்த. இவளுக்குக் காவல் நின்னே என் பொழப்பு போவுதுன்னு. காதுல வுழுந்துச்சு. வாஸ்தவந்தானேம்மா, ஒனக்கும் பொண்ணு படிக்குது."

சொன்னது செல்வநாயகிக்கே மறந்துபோயிருந்தது. அட்டைகளைத் திரும்பப் பைக்குள் வைத்தபடி கேட்டாள்.

"அப்ப நேத்து தலை சுத்துச்சுன்னு…"

"மாத்திரை போடாதவளுக்கு எங்கேருந்து சுத்தும்? நீ தட்டிவுட்டத பாத்துகிட்டுதான இருந்தேன்."

பாஞ்சாலை தூக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு வருசம் நீ எனக்குத் துணைக்கு வந்த. நேத்து ஒரு நாளு நான் ஒனக்கு வந்தேன்."