நேரில் விசாரித்த விவரம்

நாற்பது பேர் வேலை பார்க்கும் ஆடிட் கம்பெனி. ஆனாலும் சின்ன விஷயத்தைக்கூடச் சரிபார்க்காமல் நம்ப மாட்டார், ஆடிட்டர் அனந்தபத்மநாபன். ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி கேட்டு வந்த விண்ணப்பம் ஒன்றைப் பியூன் வேலாயுதனிடம் நீட்டினார்.

"சஜின்னு ஒரு பையன். நல்ல மார்க். அப்பா காலமாயிட்டார்னு எழுதியிருக்கான். நானும் அப்பா இல்லாம வளர்ந்தவன்தான், எடுத்துக்கலாம்னு தோணறது. ஆனா பரிதாபத்துக்காகப் பொய் எழுதறவாளும் உண்டு. அமரவிளைல வீடு. நேர்ல போய் விசாரிச்சுண்டு வா."

வேலாயுதன் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். தம்பானூரில் பஸ் ஏறிப் போய், மத்தியானம் திரும்பி வந்தார்.

"உள்ளதுதான் சார். அப்பன் செத்தாச்சு."

"அக்கம்பக்கத்துல கேட்டியா?"

"வீட்டுக்குள்ளயே போய்க் கேட்டேன் சார்."

"அப்போ சரி. திங்கக்கிழமை சேர்த்துக்கலாம்."

சாயங்காலம் அமரவிளையில் சஜின் வாசலிலேயே காத்து நின்றான். குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"சார் என்ன சொன்னாரு, அப்பா?"

"திங்கக்கிழமை சேரணுமாம்" என்றார் வேலாயுதன். "நீ பியூன் மவன்னு அங்க யாருக்கும் தெரியண்டாம். அங்க எல்லாரும் கூப்பிடுத மாதிரி என்னைய பேரு சொல்லியே கூப்பிடு. வாய் தவறி அப்பான்னு சொல்லிராத, மக்களே."