இறுகாத இரண்டரை மணி நேரம்

"அண்ணா, எங்கே இருக்கே? டிரம் சுத்துதா, நின்னுடுச்சா?"

லேப் பெண் போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

"சுத்துது, சுத்துது. உன் தலை சுத்தாம பாத்துக்கோ," என்றான் அண்ணன். கான்கிரீட் கம்பெனியில் கலவை லாரி ஓட்டுவது அவன் வேலை. கலவையில் எதை எவ்வளவு சேர்ப்பது என்று பார்ப்பது தங்கையின் வேலை. "லாரி நகர மாட்டேங்குது. முன்னாடி ஒரே நெரிசல்."

"கிளம்பி ஒரு மணி நேரமாச்சு! ஆஸ்பத்திரிக் கட்டடம் நாப்பது நிமிஷம்தானே?"

"அதை ரோட்டுக்கிட்ட சொல்லு."

போனை வைத்துவிட்டான்.

எதிர் நாற்காலியில் மேனேஜர். முசுடு என்றுதான் கம்பெனி முழுக்கப் பேர். அது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"என்னம்மா, உன் மரச்சாறு என்ன சொல்லுது?"

காகித ஆலையில் மரத்தைக் கூழாக்கும்போது மிச்சமாகிற பழுப்புத் திரவம்தான் அந்த மரச்சாறு. கலவையில் அளவாகச் சேர்த்தால் தண்ணீர் குறைவாகப் போதும், இறுகுவதும் கொஞ்சம் தாமதமாகும். அதற்கு முன்னால் கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது வேறு ஒரு மருந்து. அதை ஊற்றிய கையோடு கலவை எண்ணெய் மாதிரி ஓடும், ஒரு மணி நேரம் போனால் இறுகி முறைத்துக்கொள்ளும்.

அவள்தான் ஒற்றைக் காலில் நின்று மாற்றினாள். மாற்றிய முதல் வாரமே கைதவறி இரண்டு பங்கு ஊற்றிவிட்டாள். ஒரு தளம் முழுசாக இரண்டு நாள் சேறாகவே கிடந்தது. அன்றைக்கே முசுடு சொல்லிவிட்டார்: "இன்னொரு லோடு கெட்டுச்சுன்னா மரச்சாறும் வெளியே, நீயும் பழையபடி எடைமேடைக்குப் போக வேண்டியதுதான்."

இரண்டு வருஷம் வெயிலில் நின்று வண்டிகளுக்கு எடைச் சீட்டு எழுதியவள் அவள். லேப் வேலை கிடைத்த அன்று சந்தோஷத்தில் அழுதாள். திரும்பவும் அங்கேயா?

"சார், சைட் இன்ஜினியருக்கு நான் ஒரு போன் போட்டு..."

"அதை நான் பாத்துக்கறேன். நீ ரிப்போர்ட்டை எழுது."

எழுதினாள். ஒரே வரியை மூன்று தடவை எழுதியிருந்தாள்.

அரை மணி நேரத்தில் மறுபடியும் அண்ணன்.

"கோவிச்சுக்காதே. டயர் பஞ்சர்."

"காலையிலதானே எல்லா டயரையும் தட்டிப் பாத்தே?"

"ஆணிக்கு அது தெரியலையே."

"விளையாடாதேண்ணா! கலவை கெட்டியாகுற மாதிரி இருந்தாலும் தண்ணி மட்டும் ஊத்திடாதே. உன் கால்ல வேணா விழறேன்."

லாரியிலேயே தண்ணீர்த் தொட்டி உண்டு. கலவை இறுக ஆரம்பித்தால் சில டிரைவர்கள் குழாயைத் திறந்து இரண்டு வாளி விட்டுவிடுவார்கள். பார்வைக்கு ஜோராக ஓடும், பலம் போய்விடும்.

"என்னைப் பாத்தா தண்ணி ஊத்தற ஆள் மாதிரியா இருக்கு?"

"ஆமா!"

முசுடு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அவருக்கு இருமல் ஒரு கேடு என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

கடிகாரம் நகரவே மாட்டேன் என்றது. சரியாக இரண்டரை மணி நேரம் ஆனபோது போன் அடித்தது.

"வந்து சேந்தாச்சு தாயே. கூம்பு வச்சும் பாத்தாச்சு. நூத்திப் பத்து!"

கூம்பில் கலவையை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால், கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பார்கள். நூற்றிப்பத்து மில்லிமீட்டர் சரிந்தால் அது இன்னும் இளக்கமாக, சொன்னபடி கேட்கிறது என்று அர்த்தம். அவள் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"சார், நூத்திப் பத்து! ரெண்டரை மணி நேரத்துக்கு அப்புறமும் நூத்திப் பத்து!"

"தண்ணி ஊத்தியிருப்பான்," என்றார் முசுடு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்கண்ணன் ஊத்த மாட்டான் சார்."

"இப்பத்தானே ஊத்தற ஆள்தான்னு சொன்னே?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் ஆயிரம் சொல்லுவேன் சார், அவன் என் கூடப்பிறந்தவன். வேணும்னா என்னை எடைமேடைக்கு அனுப்புங்க. அவன் மேல பழி போடாதீங்க." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

முசுடு எழுந்தார். "சரி, எதுக்கு வாக்குவாதம்? நேர்ல போய்ப் பாத்துடுவோம், வா."

அவள் விறுவிறுவென்று ஜீப்பை நோக்கி ஓடினாள். அவரோ ஜீப் பக்கமே போகாமல், கம்பெனியின் பின்கதவைத் தள்ளித் திறந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் லாரி நின்றுகொண்டிருந்தது. கம்பெனியின் புது ஷெட்டுக்கான தரையில் கலவை வழுவழுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன், தங்கையைப் பார்த்ததும் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"நெரிசலும் இல்லை, பஞ்சரும் இல்லை. தண்ணிக் குழாயைப் பூட்டின சாவி காலையிலேர்ந்து என் பாக்கெட்லதான் இருக்கு," என்று முசுடு முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். "ரெண்டரை மணி நேரத் தூரத்துல பாலம் கட்டறாங்க, நாளையிலேர்ந்து அதுக்கு உன் மரச்சாறுதான். அவ்வளவு நேரம் தாங்குமான்னு பாக்கத்தான் இந்தச் சோதனை. முன்னாடியே சொல்லியிருந்தா, நீ பயத்துல கூடக் கொஞ்சம் ஊத்தியிருப்பியே!"