பரீட்சைக்குப் போன மாமியார்

"எங்க அம்மா வேண்டாம் அத்தை. நீங்கதான் வரணும்."

மருமகள் இப்படிச் சொன்னதும் மாமியார் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அது ஐந்தாவது டீ.

"பரீட்சை உனக்குத்தானேம்மா. நான் எதுக்கு?"

"கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். சரியான ஆள் இல்லேன்னா பரீட்சைக்கே விடமாட்டாங்க. அப்புறம் இன்னும் ஒரு வருஷம் காத்துக் கிடக்கணும். எனக்காக வச்சிருக்கிற வேலையும் போயிடும்."

"அதுக்கு உங்க அம்மாவே..."

"அம்மாவை டீச்சர் ஒரு பார்வை பார்த்தாங்க, வேண்டாம்னுட்டாங்க. மாமாவையும் யோசிச்சேன், அவர் போதாது. ஒரு மாசமா யார் யாரையோ தேடி அலைஞ்சேன் அத்தை. நேத்து டிவி பார்த்து நீங்க சிரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் உறைச்சுது. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறேனேன்னு!"

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள்தான், "கல்யாணத்துக்கு அப்புறம் என்ன காலேஜ்? அதுவும் சமுதாயக் கல்லூரியாம்! கடைத்தெருவுக்குப் பின்னாடி ரெண்டு மாடிக் கட்டடம், அதெல்லாம் ஒரு காலேஜா?" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்.

ஆனால் பார்க்கப் பார்க்க மனசு மாறித்தான் போயிருந்தது. பத்து நிமிஷ நடை. மருமகள் காலையில் போய் மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். வகுப்பில் மொத்தமே இருபது பேர். அதில் பேரன் எடுத்தவளும் உண்டு, பஸ் ஓட்டிக்கொண்டே படிப்பவரும் உண்டு. ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை என்றால் டீச்சரே போன் போட்டு விசாரிக்கிறாள். படிப்பு முடிவதற்குள் வேலையும் தேடி வந்துவிட்டது. என்ன படிப்பு என்று கேட்கவும், இதையெல்லாம் வாய்விட்டுப் பாராட்டவும்தான் மாமியார் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அத்தை, அது என்ன பரீட்சைன்னா..."

"நீ ஒண்ணும் விளக்க வேண்டாம். பெரியவங்க பக்கத்துல இருந்தா ஒரு தைரியம். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"அது இல்ல அத்தை, அங்க வந்து..."

"வர்றேன்னு சொல்லிட்டேன்ல! அதுக்காக நான் ஏதாவது தயார் பண்ணிக்கணுமா, அதைச் சொல்லு."

"ஐயையோ, ஒண்ணுமே பண்ணாதீங்க! சனிக்கிழமை வரைக்கும் நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. அதுதான் எனக்கு வேணும்."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. 'இப்படியே இரு' என்று கட்டினவனும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளையும் சொன்னதில்லை. எவளோ பெற்ற பெண் சொல்கிறாள்! மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்துபோய் ஓரகத்திக்குப் போன் போட்டாள். அவளுடைய மருமகள் படிப்பது வெளியூரில், பெயர் பெற்ற பெரிய பல்கலைக்கழகத்தில்.

"ஏண்டி, உன் மருமக படிக்கிற இடத்துல மாமியாரைக் கூப்பிடுவாங்களா?"

"என்னை எதுக்குக்கா கூப்பிடப் போறாங்க? ஒரு வகுப்புல நானூறு பேராம். அவளையே வாத்தியாருக்கு அடையாளம் தெரியாது."

"அதைத்தான் சொல்றேன்! பெரிய காலேஜ்னு மார்தட்டிக்கிட்டா ஆச்சா? இங்க குடும்பத்தையே சேர்த்துப் பார்க்கறாங்க. பெத்தவளையே வேண்டாம்னுட்டு என்னைக் கூப்பிடறாங்கடி! பேசாம உன் சின்னப் பொண்ணை இங்க சேர்த்து விடு."

"அதிர்ஷ்டக்காரிக்கா நீ" என்று ஓரகத்தி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்க மாமியார் எத்தனை வருஷம் காத்திருந்தாள்!

சனிக்கிழமை காலை, பீரோவிலேயே கிடந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு மருமகளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். டீச்சர் வாசலுக்கே வந்து கைகூப்பி அழைத்துப் போனாள். உட்காரக் கொடுத்த நாற்காலி மெத்தென்று இருந்தது. காலை நீட்டிக்கொள்ளவும் இடம் இருந்தது. மரியாதை என்றால் இதுவல்லவா மரியாதை என்று அவள் பூரித்துப் போனபோது நாற்காலி தானாகவே பின்னால் சாய்ந்தது.

"அத்தை, வாயை நல்லாத் திறங்க" என்றாள், கையுறை மாட்டிக்கொண்ட மருமகள்.

டீச்சர் விளக்கை இழுத்துப் பிடித்து உள்ளே குனிந்து பார்த்தாள்.

"அடேங்கப்பா! பல்லுல இருபது வருஷக் காரை! பல் சுத்தம் செய்யற பரீட்சைக்கு இப்படி ஒரு வாய் கிடைக்காதான்னு எல்லாரும் தவம் கிடக்கறாங்க, நீ எங்கேம்மா தேடிப் பிடிச்சே?"

"எங்க அத்தைதான் டீச்சர்!" என்றாள் மருமகள், பெருமை தாங்காமல்.