கடைக்கு வராத நாவல்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்து, குப்புறப் படுத்திருந்தவரின் தலைமாட்டில் கிடந்த தடித்த புத்தகத்தைப் பார்த்தான்.

"என்ன புத்தகம் அண்ணாச்சி?"

"கற்பனையை வளர்க்க வழி சொல்லுதாம். எனக்குத் தூக்கந்தான் வருது."

"அதை விடுங்க, நான் ஒரு நாவல் சொல்லுதேன். புளியறை செக்போஸ்ட்ல லாரியைத் திறந்தா, உள்ள கல்யாணப் பொண்ணு!"

"யாரு எழுதினது?"

"போன சீசன்ல இங்கன படுத்திருந்தவரு, எழுதப்போறேன்னு பாதிக் கதை சொன்னாரு. வாரவங்க எல்லார்ட்டயும் படிக்கச் சொல்லிட்டேன். தென்காசிக் கடையில இன்னும் வரலையாம்."

படுத்திருந்தவர் முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார்.

சுடலைமுத்து அவர் முதுகில் கிடந்த துண்டை விலக்கினான். இடுப்புக்கு மேலே மிளகு போல மூன்று மச்சம். முகம் மறந்தாலும் அவனுக்கு முதுகு மறக்காது.

"அண்ணாச்சி, நீங்கதானா!" என்றவன், குனிந்து மெல்லக் கேட்டான்: "அந்தப் பொண்ணு லாரியை விட்டு எறங்குனாளா, இல்லையா?"